நெவில் ஹெப்பிள் திட்டு வாங்குவதை யார் பார்க்கலாம்

ஸ்கார்த்விக் நகரத்தில் எந்தப் படத்தை எந்த வயதுக்காரர் பார்க்கலாம் என்று முடிவு செய்பவர் நெவில் ஹெப்பிள். அவருக்குப் பேய்ப் படம் என்றால் பயம்.

இதை அவர் மறைப்பதில்லை. மறைத்தும் பயனில்லை. அவர் பேய்ப் படம் பார்க்கும் அழகை நகரமன்ற அலுவலகத்தின் இரண்டாம் தளம் முழுவதும் கண்டிருக்கிறது. முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். பிறகு திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்பார். இரண்டும் சேர்ந்தால்தானே பயம்? பிரித்துவிட்டால் ஒன்று தக்காளிச் சாறு, மற்றொன்று கதவுச் சத்தம்.

"அப்புறம் அது பயமுறுத்துதா இல்லையான்னு எப்பிடிப்பா கண்டுபிடிப்ப?" என்று எதிர் மேசை யிவெட் ஒருமுறை கேட்டார். டாக்சி உரிமங்களைப் பார்ப்பவர் அவர். நெவிலுக்கு எதிரே பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பதால் மரியாதையெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிற்று.

"டீ கோப்பை ஆடுச்சுன்னா பதினஞ்சு வயசு. டீ கொட்டிச்சுன்னா பதினெட்டு."

"கம்ப்யூட்டர் மேலயே கொட்டிச்சுன்னா?"

"அதை லண்டனுக்கு அனுப்பிடணும்."

நெவில் உரிமப் பிரிவு அதிகாரி. மதுக்கடை, பச்சை குத்தும் கடை, கடற்கரைக் கழுதைச் சவாரி, நாய்க் காப்பகம், நடமாடும் சாப்பாட்டு வண்டி எல்லாம் அவர் கையில். சினிமா எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு கூட்டத்தின் நடுவில் கழிப்பறைக்குப் போனதால் வந்தது என்பார். திரும்பி வந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை அவர் பெயரில் எழுதப்பட்டிருந்தது.

பெரிய படங்களுக்கு லண்டனில் இருக்கும் தேசிய வாரியம் சான்று கொடுத்துவிடும். அதற்குக் கட்டணம் கட்ட வழியில்லாமல், சமையலறையில் எடுத்துப் படுக்கையறையில் வெட்டி ஒட்டிய குறும்படங்கள்தாம் நகரமன்றத்துக்கு வரும். சட்டம் அந்த அதிகாரத்தை அந்தந்த ஊர் மன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. வாரியத்தின் வழிகாட்டிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பயம் எவ்வளவு, அடிதடி எவ்வளவு, கெட்ட வார்த்தை எத்தனை, அது மென்மையா நடுத்தரமா வலுவானதா என்று நிமிடக் கணக்கோடு குறித்துச் சான்று கொடுக்க வேண்டும். சான்று ஊர் எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். எல்லைப் பலகையைத் தாண்டிவிட்டால் அடுத்த ஊர் அதிகாரி தன் இஷ்டத்துக்கு வேறு வயது போடலாம். "என் சொல்லுக்கு மதிப்பு பெட்ரோல் பங்க் வரைக்கும்தான்" என்று நெவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஆரம்பத்தில் ஒரு சறுக்கல். பஞ்சு முயல் ஒன்று கேரட் தேடிப் போகும் பொம்மைப் படம். பாதி பார்த்தார், இனித்தது. அந்த நேரம் ஜன்னல் துடைப்பவர் வந்தார். நெவில் எழுந்துபோய் அவரோடு வானிலை பேசிவிட்டு வந்து, எல்லோரும் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். கடைசி நிமிடத்தில் முயலை என்ன செய்தார்கள் என்பது சனிக்கிழமை மதியம் அரங்கு நிறையக் குழந்தைகள் ஒரே குரலில் அழுதபோதுதான் ஊருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அதன் பிறகு ஜன்னலுக்கு வெளியே யார் தொங்கினாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த வருட அக்டோபர் குறும்பட விழாவுக்கான பென் டிரைவ் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நெவில் சீஸும் ஊறுகாயும் வைத்த சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு முதல் படத்தைத் திறந்தார். தலைப்பு: ஒன்றரை அடி.

திரையில் ஸ்கார்த்விக் கடற்கரைச் சாலை. நீலக் கோடு போட்ட மீன்-சிப்ஸ் வண்டி. அதற்கு முன்னால் நீண்ட வரிசை. அந்த வரிசையைப் பிளந்துகொண்டு, கணுக்கால் வரை தொங்கும் மஞ்சள் மேலங்கியோடும், மூக்குக்குக் கீழே ஒட்டிய மீசையோடும், கையில் அளவு நாடாவோடும் ஒரு சின்னப் பெண் நடந்து வந்தாள். வாயைக் குவித்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, ஒவ்வொரு அடியையும் தரைக்கு உபகாரம் செய்வதுபோல் எடுத்து வைத்தாள்.

நெவில் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

பின்னால் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. "அய்யோ நெவில்," என்றார் யிவெட். "உன் நடையப்பா அது."

"நான் அப்பிடியா நடக்கறேன்?"

"இல்ல. அந்தப் பொண்ணு கொஞ்சம் குறைச்சுத்தான் நடிச்சிருக்கு."

நடந்தது ஊரறிந்த கதை. முந்தைய வருடம் ஈஸ்டர் விடுமுறையின் முதல் நாள், சுற்றுலாப் பருவம் தொடங்கும் நாள். லீயான் ஸ்டாக்டேல் என்ற பெண்மணி தன் மீன்-சிப்ஸ் வண்டியைக் குறித்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்தார். வண்டியின் பின்பக்கம் தீயணைப்பு வண்டிப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. நெவில் அளந்தார். ஒன்றரை அடி. எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது, வரிசை கடற்கரைப் படிக்கட்டு வரை போயிருந்தது. நெவில் அடுப்பை அணைக்கச் சொன்னார், ஆட்களை ஒதுங்கச் சொன்னார், வண்டியை இழுத்து ஒன்றரை அடி முன்னால் நிறுத்தச் சொன்னார். லீயான் ஜன்னல் வழியே தலையை நீட்டி அவரை ஒரே ஒரு வார்த்தை சொன்னார். செய்தித்தாள்கள் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு மீதிக்கு நட்சத்திரம் போடும் வார்த்தை. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றைய அறிக்கையில் நெவில், "வண்டி உரிமையாளர் தம் அதிருப்தியைத் தெரிவித்தார்" என்று எழுதினார்.

இப்போது அந்த லீயான், குளிர்காலத்தில் வண்டி ஓடாத மாதங்களில், கைப்பேசியிலேயே படம் எடுத்திருக்கிறார். லீயானாக லீயானே நடித்தார். நெவிலாக நடித்தது அவர் மகள் டார்சி. வயது பதினொன்று.

படம் ஒன்பது நிமிடம். அந்த வார்த்தை ஒரே ஒரு முறை. வழிகாட்டியின்படி வலுவான கெட்ட வார்த்தை இருந்தால் பொதுவாகப் பதினைந்து வயதுச் சான்று. ஆனால் எப்போதாவது ஒருமுறை வந்து, சூழ்நிலை அதை நியாயப்படுத்தினால் பன்னிரண்டு வயதுச் சான்று கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் அதைவிடச் சின்னப் பிள்ளைகள்கூட ஒரு பெரியவர் துணையோடு பார்க்கலாம். ஆக, பதினைந்து போட்டால் டார்சி தான் நடித்த படத்தைப் பெரிய திரையில் பார்க்க முடியாது. பன்னிரண்டு போட்டால் பார்க்கலாம். சூழ்நிலை அந்த வார்த்தையை நியாயப்படுத்துகிறதா என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் அந்த வார்த்தையை வாங்கியவர்.

"பதினஞ்சு போட்டா பழி வாங்கிட்டேம்பாங்க," என்றார் நெவில்.

"ஆமா."

"பன்னெண்டு போட்டா லீயானுக்குப் பயந்துட்டேம்பாங்க."

"அது உண்மைதானே?" என்றார் யிவெட்.

சொந்த சம்பந்தம் உள்ள விஷயத்தில் அதிகாரி முடிவெடுக்கக் கூடாது என்பது மன்ற விதி. நெவில் தன் சம்பந்தத்தை எழுத்தில் அறிவித்தார். 'சம்பந்தத்தின் தன்மை' என்ற கட்டத்தில், நெடுநேர யோசனைக்குப் பிறகு, "படத்தின் வில்லன்" என்று நிரப்பினார். விஷயம் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட உரிமக் குழுவுக்குப் போயிற்று. ஆனால் குழுவுக்கு யாராவது படத்தைப் பற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆள் கட்டடத்திலேயே ஒருவர்தான்.

ஆகவே தன்னைக் கிண்டல் செய்யும் படத்துக்கு நெவிலே நடுநிலையாக அறிக்கை எழுதினார். "பயம்: இல்லை. பாலியல்: இல்லை. அதிகாரத்தில் உள்ள ஒருவர் காட்டப்படுகிறார். அவருக்கு எது பெரிது எது சிறிது என்ற பேதம் தெரியாது என்று படம் கருதுகிறது. சிறுவர்கள் பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்தான செயல்: அளவு நாடாவைச் சட்டென்று சுருட்டவிடுதல். பாகுபாடு: மீசை வைத்த ஆண்கள்மீது, ஓரளவு." கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டார். சொந்த விரோதம் மணக்கிறது என்று யிவெட் சொன்னதால்.

அறிக்கை போன மறுநாள் மதியம், கால் தன்னால் நெவிலைக் கடற்கரைச் சாலைக்கு இழுத்துப்போனது. பருவத்தின் கடைசி வாரம். காற்றில் மேசைக்குடைகள் படபடத்துக்கொண்டிருந்தன. வண்டி முன்னால் ஆளில்லை. லீயான் ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்றார். ஊரில் யார் வந்தாலும் அவருக்குக் 'கண்ணு'தான், கடன்காரன் வந்தாலும்.

"வாங்க கண்ணு. அளக்க வந்தீங்களா, திங்க வந்தீங்களா?"

"சின்னப் பொட்டலம் ஒண்ணு. வினிகர் கம்மியா."

"எவ்வளவு கம்மியா? அளந்து ஊத்தட்டுமா?"

நெவில் வாங்கிக்கொண்டார். சிப்ஸையும், பேச்சையும். ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஒலியடைச்சுட்டா, எட்டு வயசுச் சான்றே கிடைச்சுடும். விவாதமே வராது."

லீயான் கரண்டியை வைத்தார். "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கண்ணு படமே. மத்ததெல்லாம் அதுக்கு ஏறிப்போற படிக்கட்டு. அன்னிக்கு எத்தனை பேரு சாப்பிடாமத் திரும்பிப் போனாங்க தெரியுமா? நான் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யாரோடயும் பேசலை. டார்சிதான் உங்க மாதிரி நடந்து காட்டிச் சிரிக்க வெச்சா. அங்கதான் படம் ஆரம்பிச்சுச்சு." பிறகு குரல் இறங்கியது. "பதினஞ்சு போட்டுடாதீங்க. அவ கிளாஸ் பூராச் சொல்லி வெச்சிருக்கா."

"முடிவு என் கையில இல்லை."

"பின்ன யாரு கையில?"

"மூணு கவுன்சிலர்."

"அப்ப நாசமாப் போச்சு," என்றார் லீயான்.

வண்டிக்குள்ளிருந்து டார்சி எட்டிப் பார்த்தாள். பள்ளிச் சீருடை, கையில் உப்பு டப்பா. அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை தொழில்முறைக் கண்ணோடு பார்த்தாள். "நடக்கறப்ப வாயைக் குவிச்சுக்கிட்டு என்ன எண்ணுவீங்க?"

"எதுவும் எண்ணலை. முட்டி வலிம்மா."

"ஓ," என்றாள் டார்சி. அவள் முகத்தில் ஒரு நடிகையின் ஏமாற்றம். "நான் அடி எண்ணறதா நெனச்சு நடிச்சேன்."

உரிமக் குழு வெள்ளிக்கிழமை காலை கூடியது. தலைவர் விவியன் ஆக்லண்ட், முன்னாள் நூலகர். இன்னும் யாராவது சத்தமாக மூச்சு விட்டால் திரும்பிப் பார்ப்பவர். அவருக்கு வலப்பக்கம் கென் மட்ஃபர்ட், மீன்பிடிப் படகிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த வார்த்தையைக் காற்புள்ளியாகப் பயன்படுத்தும் தொழிலில் நாற்பது வருடம் இருந்தவர். இடப்பக்கம் ஷபானா மிர்சா, கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிப்பவர்.

முதல் சிக்கல் படம் தொடங்குவதற்கு முன்பே வந்தது. பொதுமக்கள் இருக்கையில் லீயானுக்குப் பக்கத்தில் டார்சி உட்கார்ந்திருந்தாள். படத்துக்கு இன்னும் சான்று இல்லை, அதனால் சிறுவர் பார்க்கக் கூடாது என்றார் தலைவர். படத்தின் முக்கிய நடிகை நடைக்கூடத்துக்கு அனுப்பப்பட்டாள். கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"அவ நடிச்சதை அவ பாக்கக் கூடாதாமா?" என்றார் கென். "எடுக்கறப்ப அங்கதானே நின்னா? வார்த்தையைக் கேட்டாளா இல்லையா?"

"கேட்டிருப்பா," என்றார் நெவில். "சட்டம் தியேட்டருக்குத்தான், கவுன்சிலர். அடுப்படிக்கு இல்லை."

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. மஞ்சள் மேலங்கி திரையில் நுழைந்ததும் கென் சிரிக்க ஆரம்பித்து, இருமி, தண்ணீர் வாங்கிக் குடித்தார். தலைவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். மீசைக்காரப் பெண் மண்டியிட்டு, நாடாவைப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி அளந்தாள். இந்தப் படத்தைப் பார்க்கும்வரை நெவிலுக்கு அந்த மறுபடி மறந்தே போயிருந்தது. ஆமாம், இரண்டு முறை அளந்தார். வண்டி ஜன்னல் திறந்தது. வார்த்தை வந்தது. குழு அறையின் மரச்சுவர்களுக்கு அது புதிது.

விளக்கு வந்ததும் ஷபானா மிர்சா பேசினார். அவர் சிரிக்கவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. ஒரு பெரியவங்க ஒரு குழந்தையோட மூஞ்சியப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்றாங்க. அதைப் பாத்து குழந்தைங்க சிரிக்கணுமா? என்னால பன்னெண்டு போட முடியாது. பதினஞ்சு."

லீயான் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டார். கென் பன்னிரண்டு என்றார். தலைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசியில் நெவிலைப் பார்த்தார். "அதிகாரி முடிவு சொல்லக் கூடாது. ஆனா விவரம் கேட்டா சொல்லலாம். சொல்லுங்க, ஹெப்பிள். திரையில இருக்கறது குழந்தையா?"

நெவில் எழுந்தார். முட்டி சத்தம் போட்டது. "குழந்தை இல்லை, தலைவரே. அது நான்."

"பாக்கறவங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?" என்றார் ஷபானா மிர்சா.

"வெளியூர்ல தெரியாதுங்க. வெளியூர்ல இதைப் பாத்தா நீங்க சொல்றதுதான் சரி, நானே பதினஞ்சு போடுவேன். ஆனா நம்ம சான்று பெட்ரோல் பங்க்கைத் தாண்டாது. அதுக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு..." அவர் நிறுத்தினார். சொல்லாமல் தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. "இந்தப் பக்கம் அந்த நடையைத் தெரியாதவங்க யாரும் கிடையாதுங்க. எனக்குத்தான் போன வாரம் வரைக்கும் தெரியாது."

ஷபானா மிர்சா முதல் முறையாகச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். விடவில்லை. "சரி. குழந்தை இல்லை, நீங்கதான். அப்பவும் சூழ்நிலை அதை நியாயப்படுத்தணும்னு வழிகாட்டி சொல்லுது. நீங்க உங்க வேலையைத்தான் செஞ்சீங்க. அதுக்கு அந்த வார்த்தை நியாயமா?"

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். லீயான் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நியாயமில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும், தன் மரியாதையும் கொஞ்சம் மிஞ்சும் என்பது நெவிலுக்குத் தெரிந்தது. ஆனால் விவரம் கேட்டிருக்கிறார்கள். விவரத்தைத் தப்பாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"நான் அளந்தது சரிங்க. ஒன்றரை அடிதான். மறுபடி அதே நிலைமை வந்தாலும் நகர்த்தச் சொல்லுவேன், தீயணைப்பு வண்டிக்கு அந்த இடம் வேணும்." மூச்சு வாங்கினார். "ஆனா பருவத்தோட முதல் நாளு. எண்ணெய் கொதிக்குது. வரிசை கடலுக்குள்ள இறங்கற மாதிரி நிக்குது. அந்த நேரத்துல நான் மண்டி போட்டு, அளந்து, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, திரும்ப அளந்தேன். அந்த அம்மா இடத்துல நான் இருந்திருந்தா ஒரு தடவையோட நிறுத்தியிருக்க மாட்டேன். இவங்க நிறுத்தினாங்க. என் கணக்குல அது வலுவான வார்த்தை, அடக்கமான பயன்பாடு. சூழ்நிலை நியாயப்படுத்துதுங்க."

கென் மேசையைத் தட்டினார். தலைவர் அவரை முறைத்தார். ஷபானா மிர்சா வழிகாட்டியின் அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார், விரலை வரிக்குக் கீழே ஓட்டி.

"பன்னெண்டு," என்றார். "ஒரு நிபந்தனை. வாசல்ல எச்சரிக்கை ஒட்டணும். வார்த்தை யாரைப் பாத்துச் சொல்லப்படுதுன்னும் அதுல இருக்கணும். வெளியூர்க்காரங்க வந்தாலும் குழப்பம் வரக் கூடாது."

அந்த எச்சரிக்கையை எழுதும் வேலையும், கேட்க வேண்டுமா, நெவிலுக்குத்தான் வந்தது. "இப்படத்தில் வலுவான வார்த்தை ஒன்று, நகரமன்ற உரிம அதிகாரி மீது."

நடைக்கூடத்தில் டார்சி பிஸ்கட்டைத் தீர்த்திருந்தாள். செய்தியைக் கேட்டு இரண்டு குதி குதித்தவள் நின்று யோசித்தாள். "பன்னெண்டுன்னா பெரியவங்க யாராச்சும் கூட வரணும்ல? அம்மா அன்னிக்கு வண்டியிலல்ல நிப்பாங்க?"

உண்மைதான். விழா மதியத்தில் அரங்க வாசலில்தான் லீயானுக்கு நல்ல வியாபாரம். லீயான் நெவிலைத் திரும்பிப் பார்த்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, வாய் பழையபடியே இருந்தது. "நீங்களே கூட்டிட்டுப் போங்க கண்ணு. உங்களைத் திட்டற எடத்துல நீங்க இல்லாம எப்பிடி?"

விழா அன்று அரங்கு நிரம்பியிருந்தது. டார்சியின் வகுப்பு முழுவதும் வரிசையாக, தத்தம் பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தது. இரண்டாம் வரிசை ஓரத்தில் நெவில், பக்கத்தில் டார்சி, அவளுக்கு அந்தப் பக்கம் இதைத் தவறவிட மனமில்லாமல் வந்திருந்த யிவெட். மஞ்சள் மேலங்கி திரையில் நடந்தது. பக்கத்தில் டார்சி தன் நடையைப் பார்த்து முகம் சுளித்து, "இப்ப எடுத்தா முட்டி வலியோட நடப்பேன்," என்று முணுமுணுத்தாள். ஜன்னல் திறந்தது.

வார்த்தை வந்ததும் அரங்கு வெடித்தது. பிறகு வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. எல்லாக் கண்களும் இரண்டாம் வரிசை ஓரத்தில் வந்து நின்றன. எழுந்து நின்று ஒரு வணக்கம் போட்டுவிடலாமா என்று நெவில் யோசித்தார். பாதி எழுந்தும்விட்டார். எழுந்தால் பின்னாலிருப்பவர்களுக்குத் திரை மறைக்கும், நடைபாதையில் நின்றால் தீ பாதுகாப்பு விதிக்கு முரண் என்பது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பார்த்துத்தான் அரங்கு இன்னும் பெரிதாகச் சிரித்தது.